ரீஃப் மேக்கால சாயுது

பதினாலாம் நம்பர் இதுதான் டீச்சரம்மா. ஆனா ஜெயவேலு வீடு இது இல்ல. அவன் வீடுதான், இப்ப என் வீடு. அதுக்குள்ள பேனாவை எடுக்காதீங்க. உங்க வோட்டர் லிஸ்டு தப்புன்னு நான் சொல்லல. லிஸ்டு பழசு, அவ்ளோதான். பதினஞ்சுல என் பேரு இருக்கும், பதினாலுல அவன் பேரு இருக்கும். இத்த அங்க, அத்த இங்க மாத்திப் போட்டா முடிஞ்சுபோச்சி. எதுக்கு மாறுச்சின்னு கேட்டீங்கன்னாதான் கொஞ்சம் நேரமாகும்.

உக்காருங்க. அந்த ஸ்டூலு வேணாம், ஆடும். ஸ்டூல் மேல குத்தம் இல்ல, தரை அந்தப் பக்கம் கொஞ்சம் எறங்கிடுச்சி. இப்படி செவுத்தோரமா போட்டுக்குங்க. அந்தச் செவுரு வேணாம், இந்தச் செவுரு. உள்ள மட்டும் வராதீங்க, உள்ள குழி. ஜெயவேலு கீழதான் இருக்கான். ரெண்டு மணிக்கு ஷிஃப்டு மாறும், அப்ப மேல வருவான், நேர்லயே பாத்துக்கலாம்.

என் பேரு ஞானப்பிரகாசம். இந்த எஃப் பிளாக்குல அப்படிக் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. சாம்பிள் பிரகாசம்னு கேக்கணும். இருபத்திரண்டு வருஷம் மைன்ல ஜியாலஜி டிபார்ட்மெண்டு. லேபர்னு எழுதிடாதீங்க, சாம்ப்ளர். பூமிக்கு அடியில ஆறாயிரம் அடி, ஏழாயிரம் அடி. பாறை தொட்டா சுடும். அங்க ரீஃப்புக்குக் குறுக்க உளி வெச்சி ஒரு கோடு வெட்டி, அந்தத் தூளையும் சில்லையும் பையில புடிச்சி, சீட்டு கட்டி லேபுக்கு அனுப்பணும். எங்க தங்கம் இருக்குது, எங்க இல்ல, இத்த மொதல்ல தொட்டுப் பாத்தது யாரு? இன்ஜினியரா? மேனேஜரா? நானு.

ரீஃப்புன்னா? தங்கவயல்ல பொறந்துட்டு ரீஃப்புன்னா இன்னான்னு கேக்கறீங்க. ஓ, நீங்க கோலார் பக்கமா. சரி. வீட்ல குக்கர் இருக்குதா? பருப்பு வெச்சா பிரஷரு ஏறி, வெயிட்டு தூக்கி, புஸ்ஸுன்னு வரும் இல்ல? வந்த தண்ணி மூடியில காஞ்சி வெள்ளையா ஒட்டிக்கும். ரீஃப் அதுதான். ஆதி காலத்துல பூமிக்கு அடியில கொதிக்கற தண்ணி. அந்தத் தண்ணியில தங்கம் கரைஞ்சிருக்குது. மேல கருப்புப் பாறை, மூடி மாதிரி. பாறையில விரிசல் வுட்ட எடத்துல தண்ணி ஏறிச்சி, பிரஷரு எறங்கிச்சி, வெள்ளைக்கல்லா ஒட்டிகிச்சி. தங்கமும் அதுலயே தங்கிடுச்சி. கருப்புப் பாறைக்கு நடுவுல வெள்ளை நரம்பு. அதுதான் ரீஃப். இத்த நான் சலோமிக்கு முப்பது வருஷமா சொல்லிகினு இருக்கேன். குக்கரைப் பாக்கறப்பல்லாம் சொல்வேன். அவ இன்னா பண்ணா தெரியுமா? குக்கரை வித்துட்டு அலுமினியக் குண்டான் வாங்கிகினா.

சலோமி என் வீட்டுக்காரி. பதினஞ்சுல பாத்திருப்பீங்களே, ஒல்லியா, கையில தழும்பு. பக்கத்துல குண்டா இருந்திருந்தா அது சுலோச்சனா, ஜெயவேலு வீட்டுக்காரி. தண்ணி புடிக்கப் போயிருந்துச்சா? சரி சரி.

ஜெயவேலு வைண்டிங் டிரைவரு. மேல எஞ்சின் ரூம்ல உக்காந்துகினு, மணி அடிச்சா ஆளுங்க நிக்கற கூண்டை மைனுக்குள்ள எறக்குவான், மணி அடிச்சா ஏத்துவான். அவன் கையிலதான் எங்க உசுரு, அத்த நான் இல்லன்னு சொல்லல. ஆனா பாறையை அவன் பாத்ததே கெடையாது. முப்பது வருஷம் ஒரே செவுத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவன் இருமினா நான் தண்ணி குடிப்பேன். மைனு மூடினப்பறம் ரெண்டு பேருமே பெங்களூருக்கு ரயில்ல போயி செக்யூரிட்டி வேலை பாத்தோம். எனக்கு ஆஸ்பத்திரி வாசல், அவனுக்கு லிப்டு. அங்கயும் அவன் ஏத்தறது எறக்கறதுதான்.

விஷயத்துக்கு வர்றேன்.

எஃப் பிளாக்குல வீட்டுக்கு வீடு கக்கூஸ் கிடையாது. பொதுக் கக்கூஸ் ஒண்ணு இருந்துச்சி, அது விழுந்து அஞ்சு வருஷம். பொம்பளைங்க விடியறதுக்கு முன்ன ரயில் ரோட்டுப் பக்கம் போவாங்க. சலோமிக்கு ரெண்டு முட்டியும் வலி. "பின்னால எடம் கெடக்குது, ஒரு குழி வெட்டு, சிமெண்டு ரிங்கு எறக்கிக்கலாம்"னு ரெண்டு வருஷம் சொன்னா. கவர்மெண்டு கக்கூஸ் கட்டறதுக்குக் கொஞ்சம் பணம் குடுத்துச்சி. சரின்னு மார்ச்சு மாசம் கடப்பாரையை எடுத்தேன். நான் வெட்டினா அளவா வெட்டுவேன். நாலுக்கு நாலு, மூலை தொண்ணூறு டிகிரி. ஒரு அடி, ரெண்டு அடி, செம்மண்ணு. மூணு அடியில மக்கின பாறை. அஞ்சாவது அடியில கடப்பாரை டிங்குனுச்சி.

டீச்சரம்மா, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கருங்கல்லு 'டொக்'குனும். வெள்ளைக்கல்லு 'டிங்'குனும்.

மண்ணை ஒதுக்கிப் பாத்தா, ரெண்டு சாண் அகலத்துக்கு வெள்ளைக்கல். வெறும் பால் வெள்ளையா இருந்தா நான் கவலைப்பட மாட்டேன். பால் வெள்ளையில ஒண்ணும் இருக்காது. இது நீலம் பாஞ்ச வெள்ளை. புகை அடிச்ச மாதிரி. நடுநடுவுல கருப்புக் கோடு. குல்கர்ணி சார்னு எங்க ஜியாலஜிஸ்டு, இந்தக் கல்லைப் பாத்தா தொப்பியைக் கழட்டிடுவாரு. நான் ஒரு சில்லை ஒடைச்சி நாக்குல நக்கினேன். அருவருப்பா பாக்காதீங்க. ஈரம் பட்டாதான் கல்லு தன் கலரைக் காட்டும். எல்லா ஜியாலஜிஸ்டும் நக்குவாங்க.

அப்பறம் அந்தச் சில்லை இரும்பு உரல்ல போட்டு மாவாக்கி, சலோமியோட எனாமல் தட்டுல போட்டு, தண்ணி விட்டு அலசினேன். மெதுவா அலசணும், கைக்கொழந்தைய ஆட்டற மாதிரி. மண்ணெல்லாம் போயி, கடைசில கருப்பு மணல் ஒரு வால் மாதிரி நின்னுச்சி. அந்த வால் நுனியில ஒரு மஞ்சப் புள்ளி. இருந்துச்சி. நான் பாத்தேன். அந்நேரம் பாத்து சலோமி வந்து, "குடிக்கற தண்ணி ரெண்டு கொடத்தை இதுல ஊத்திட்டியா? நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி"ன்னு தட்டைப் புடுங்கி செடிக்கு ஊத்திட்டா.

"அடியே, அதுல தங்கம்"னேன்.

"கக்கூஸ் எப்ப முடியும்?"ங்கறா.

"சலோமி, ஒரே ஒரு கேள்வி. உனக்கு கக்கூஸ் வேணுமா, தங்கம் வேணுமா?"

"கக்கூஸ்."

யோசிக்கவே இல்ல டீச்சரம்மா. அப்படியே வாய்ல ரெடியா வெச்சிருந்த மாதிரி சொன்னா.

சரி, பொம்பளைக்கு எதிர்காலம் தெரியாதுன்னு விட்டுட்டு நான் அளவு எடுத்தேன். என் பொண்ணோட பழைய ஜாமெட்ரி பாக்ஸ்ல பாகைமானி இருந்துச்சி. அதுல நூலு கட்டி ஒரு நட்டைத் தொங்க விட்டா ஆச்சி. ரீஃப்பு வடக்கு தெக்கா போவுது. அது சரி, தங்கவயல்ல எல்லா ரீஃப்பும் அப்படித்தான் போவும். சாய்வு எழுவது டிகிரி, மேக்கால. அங்கதான் சிக்கலு.

புரியல? உங்க ரிஜிஸ்டரைக் குடுங்க. இத்தப் பாருங்க, இதுதான் ரீஃப்பு. நேரா நின்னா பிரச்சனை இல்ல. இப்படிச் சாயுது. மேல் ஓரம் என் குழியில இருக்குது. கீழ் ஓரம் எங்க போச்சி? இந்தப் பக்கம் போச்சி. இந்தப் பக்கம் யாரு? ஜெயவேலு. கணக்குப் போட்டேன். பின்னால ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற வேலிக்கும் ரீஃப்புக்கும் மூணு அடி. பதிமூணு அடி ஆழத்துல ரீஃப்பு வேலியைத் தாண்டிடுது. அதுக்கும் கீழ எல்லாமே அவனுது. எனக்கு எட்டு அடி ரீஃப்பு, அவனுக்குப் பாதாளம் வரைக்கும். மைன்ல மேல் ரீஃப்பு எப்பவும் சப்பை. கீழ போகப் போகத்தான் கனம். அதாவது, என் கக்கூஸ் குழியில தலையைக் காட்டிட்டு, ஒடம்பு முழுக்க அவன் சமையல்கட்டுக்கு அடியில படுத்துகினு இருக்குது. அந்தச் சமையல்கட்டுல சுலோச்சனா உக்காந்து கருவாடு சுட்டுகினு இருக்குது.

எனக்கு மூணு நாளு சோறு எறங்கல.

சொல்லிட்டா இன்னான்னு கேப்பீங்க. பாதிப் பாதின்னு பேசி இருக்கலாமேன்னு. பேசி இருக்கலாம். ஆனா அவனுக்கு ரீஃப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது டீச்சரம்மா. தெரியாதவன் கையில பாதி குடுக்கறது அந்தப் பாதிக்குச் செய்யற துரோகம். அதனால அவன் வீட்டை நான் வாங்கிக்கறது, என் வீட்டை அவனுக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணேன். ஒரே அளவு வீடு. நியாயமான பேரம்தானே?

குழியில ஒரு அடி மண்ணைப் போட்டு ரீஃப்பை மூடினேன். சலோமி கேட்டா, "வெட்டின குழிய எதுக்கு மூடற?" மண்ணு சரியில்லன்னேன். அவ திரும்ப ரயில் ரோட்டுப் பக்கம் போக ஆரம்பிச்சா. அந்த வாரம்தான் விடியக்காலைல ஜல்லியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடைஞ்சுது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போயி மாவுக்கட்டு போட்டு வர அரை நாள். அன்னிக்கு ஜெயவேலுகிட்ட பேசலாம்னு இருந்தேன், கெட்டுப் போச்சி.

மறுநாள் பேசினேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சி வெச்சிருந்தேன்.

"மச்சான், சலோமிக்கு முட்டி ரொம்ப மோசம். சாயங்கால வெய்யிலு படணும்னு டாக்டரு சொல்றாரு. உன் வீடு மேக்கால பக்கம் இல்ல?"

ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதான். வெய்யிலு பதினாலுக்கு ஒண்ணு, பதினஞ்சுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வராது. அவன் கேட்டிருக்கணும். கேக்கல. மோவாயைச் சொறிஞ்சான். என்னைப் பாத்தான். என் பின்வாசலைப் பாத்தான்.

"பாவம் தங்கச்சி. எடுத்துக்கோ மச்சான். எப்ப மாத்தணும்? இன்னிக்கே மாத்திக்கலாமா?"ன்னான்.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. இப்படி ஒரு நல்லவனை ஏமாத்தறமேன்னு. ஆனா ரீஃப்பு இருக்குதே.

ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதினோம். ஞாயித்துக்கிழமை வீடு மாத்தினோம். என் கட்டில் அந்த வாசல்ல போவுது, அவன் கட்டில் இந்த வாசல்ல வருது. பீரோவும் பீரோவும் நடுவுல முட்டிக்கிச்சி. தெருவே நின்னு சிரிச்சிது. சுலோச்சனா மட்டும் இடுப்புல கை வெச்சிகினு, "ரெண்டு வீடும் ஒண்ணுதானே, எதுக்கு மாத்தறீங்க?"ன்னு கேட்டுகினே இருந்துச்சி. நானும் ஜெயவேலும் ஒரே நேரத்துல, "முட்டிக்கு"ன்னோம். சலோமி மாவுக்கட்டுக் கையோட திண்டாடிகினு வந்தா. ஒண்ணுதான் கேட்டா. "அந்த வீட்டுல குழி இருக்குதா?"

"வெட்டிக்கலாம்."

"வெட்டின குழிய அவங்களுக்கு விட்டுட்டு, இங்க புதுசா வெட்டப் போறியா?"

"ஆமா."

அதுக்கப்பறம் அவ ரொம்ப நாள் பேசல. ஒருவகையில நல்லதுதான், எனக்கு வேலை ஓடுச்சி.

வெட்டினேன். பின்னால இல்ல, சமையல்கட்டுல. கணக்கு அங்கதான் வந்துச்சி. காலைல ஆறு மணிக்கு ஹெல்மெட்டு மாட்டுவேன், ரெண்டு மணிக்குக் கழட்டுவேன். மைன் டைமு. அடுப்பைத் தூக்கி வாசல்ல வெச்சேன். மண்ணை சிமெண்டுப் பையில கட்டி சைக்கிள்ல வெச்சி மைன் கழிவு குவிஞ்சி கெடக்கற சயனைடு மேட்டுல கொட்டிட்டு வருவேன். அந்த மேட்டுல எதைக் கொட்டினாலும் ஒருத்தனும் கேக்க மாட்டான். அஞ்சு அடி, ஏழு அடி. கருப்புப் பாறை. எட்டு, பத்து. கருப்புப் பாறை.

அந்தப் பக்கம் இன்னா நடந்துச்சின்னு கேளுங்க. சுலோச்சனாவுக்கு ஒரு தம்பி, மேஸ்திரி. வீடு மாத்தின மறுநாளே அவனை வரவழைச்சி, என் குழியில ரிங்கு எறக்கி, மேல ஸ்லாப் போட்டு, பேசின் வெச்சி, நீலத் தகரக் கதவு மாட்டி, ஆறு நாள்ல கக்கூஸை முடிச்சிடுச்சி. ரீஃப்பு மேல டீச்சரம்மா! நான் நக்கிப் பாத்த ரீஃப்பு மேல! ஜெயவேலு குறுக்க நின்னு, "கொஞ்ச நாள் போகட்டும், மண்ணு எறங்கட்டும்"னு கெஞ்சினானாம். அது கேக்கல.

சலோமி அங்க போக ஆரம்பிச்சா. மொதல்ல காலைல மட்டும். அப்பறம் சாயங்காலமும். அப்பறம் போனா ஒரு மணி நேரம் கழிச்சி வருவா. "கக்கூஸ் போக இவ்ளோ நேரமா?"ன்னு கேட்டா, "உக்காந்து பேசிட்டு வந்தேன்"ங்கறா. வீட்டுல உக்கார எடமில்லன்னு சாக்கு. உண்மைதான், எடமெல்லாம் மண்ணு மூட்டை. ஒரு நாள் அவ டிரங்குப் பெட்டியைத் தூக்கிகினு போனா. முட்டி வலியோட தெனம் நாலு தரம் நடக்கறதுக்கு, அங்கயே இருந்துட்டா நடை மிச்சம். நானே சொல்லலாம்னு இருந்தேன், அவளே முடிவு பண்ணிட்டா.

பதிமூணாவது அடி. கணக்குப்படி அங்க ரீஃப்பு வந்தாகணும். உளியை வெச்சி கெழக்குப் பக்கம் குடைஞ்சேன். சாயங்காலம் ஒரு நாலு மணி இருக்கும், ஓவர்டைமு பாத்துகினு இருந்தேன். பாறைக்குள்ள இருந்து சத்தம் வருது. டக். டக்.

பாறை பேசும் டீச்சரம்மா. ஆழத்துல பாரம் தாங்காம படபடன்னு பேசும், அப்பறம் வெடிக்கும். அத்தக் கேட்டு ஓடினவன் நானு. ஆனா பதிமூணு அடியில பாறைக்கு பேச ஒரு விஷயமும் கெடையாது. உளியால மூணு தட்டு தட்டினேன். மைன்ல கீழ இருந்து மணியை மூணு தரம் அடிச்சா, கூண்டுல ஆள் ஏறுதுன்னு அர்த்தம். எஞ்சின் டிரைவரு திருப்பி மூணு அடிக்கணும்.

திருப்பி மூணு தட்டு வந்துச்சி.

காதைப் பாறையில வெச்சேன். தங்கவயல்ல கீழ இருந்து மூணு அடிச்சா திருப்பி மூணு அடிக்கற ஒரே ஆளு எனக்குத் தெரியும்.

நானும் குத்தினேன், அந்தப் பக்கமும் குத்துச்சி. ஒரு கல்லு பேர்ந்து விழுந்துச்சி. ஓட்டையில டார்ச்சு வெளிச்சம். வெளிச்சத்துக்குப் பின்னால ஜெயவேலு மூஞ்சி, மீசையெல்லாம் தூளு.

"இன்னா மச்சான் பண்ற?"ன்னேன்.

"தண்ணித் தொட்டி கட்டறேன். நீ?"

"நானும் தொட்டிதான்."

"பதிமூணு அடிக்கா?"

"தண்ணிக் கஷ்டம் மச்சான்."

நான் ஓட்டை வழியா அவன் குழியைப் பாத்தேன், அவன் என் குழியைப் பாத்தான். அப்பறம் அவன்தான் சிரிச்சான். அவன் கட்டிலுக்கு அடியில குழி வெட்டிகினு வந்திருக்கான். பொம்பளைங்க வெளிய போற நேரத்துல வெட்டுவானாம், அவங்க வந்தா மேல பாயைப் போட்டு மூடிடுவானாம். "அன்னிக்கு நீ கல்லை நக்கறதை வேலிக்கு மேல பாத்தேன் மச்சான். கல்யாணத்தன்னிக்கு கூட உன் மூஞ்சி அப்படி இருந்ததில்ல. இந்த வீட்டை உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நான் மூணு நாளா தவிச்சிகினு இருந்தேன், நீயே வந்து முட்டின்னு சொன்ன"ன்னான்.

பாத்தீங்களா ஆளை? பாவம் தங்கச்சின்னு சொன்னானே, அதுக்கு நான் அழுதேனே! என்னை ஏமாத்தி வீட்டைப் புடுங்கி இருக்கான். ஆனா அவனுக்கு சாய்வு தெரியாது. ரீஃப்பு நேரா கீழ போவும்னு நெனச்சிருக்கான், கூண்டு மாதிரி. அவன் கூண்டு மட்டும்தானே பாத்தவன்.

சரி, ரீஃப்பு எங்க? அத்தத்தான் ரெண்டு பேரும் டார்ச்சு அடிச்சித் தேடினோம். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த பாறையில மேல இருந்து வருது. மேல ரெண்டு சாண். கொஞ்சம் கீழ ஒரு சாண். அப்பறம் நாலு விரல். அப்பறம் சுண்டு விரல். அப்பறம் நூலு. பதிமூணு அடிக்கு வந்தப்ப அந்த நூலும் இல்ல. வழவழன்னு ஒரு பச்சைக் களிமண்ணு, சோப்பு மாதிரி.

ஜெயவேலு அந்தக் களிமண்ணைத் தொட்டுப் பாத்துட்டு, "தீந்து போச்சா மச்சான்?"ன்னான். விரலை லுங்கியில தொடைச்சான். "எனக்காக இல்ல. சுலோச்சனா இத்தனை வருஷமா என்னை ஏத்தறவன் எறக்கறவன்னுதான் சொல்லிகினு இருக்கா. ஒரு தரமாவது கையில எதனா எடுத்துகினு போய் நிக்கலாம்னு பாத்தேன்."

நான் அவன் தோளைத் தட்டினேன். "பைத்தியக்காரா, இது தீந்து போனது இல்ல. இது ஃபால்ட்டு"ன்னேன்.

ஃபால்ட்டுன்னா தப்புன்னு நெனைக்காதீங்க. பூமி அறுந்து நகர்ந்து போன எடம். இந்தக் களிமண்ணு அந்த அறுப்போட தூளு. ரீஃப்பு இங்க வெட்டுப்பட்டு வேற எங்கயோ போயி உக்காந்துகினு இருக்குது. வடக்கால நகர்ந்திருக்கும், இல்ல தெக்கால. மேல ஏறியிருக்கும், இல்ல கீழ எறங்கியிருக்கும். நாலே வழி. நாலையும் பாத்துட்டா ஒண்ணுல இருந்தாகணும். அன்னிக்குக் குழியிலயே கையைக் குடுத்துகினோம், பாதிப் பாதி. இப்ப அவனுக்கு ரீஃப்பைப் பத்தி தெரிஞ்சிருந்துச்சி, அதனால பாதி குடுக்கறதுல எனக்கு மன வருத்தம் இல்ல.

ரெண்டு குழியும் ஒண்ணானதும் நடுச்செவுரு கொஞ்சம் எறங்கிச்சி. அந்த விரிசல் தெரியுதா, ஓட்டுல இருந்து தரை வரைக்கும்? எழுவது டிகிரி, மேக்கால. அளந்து பாத்தேன். செவுருகூட சரியாத்தான் சாயுது.

சுலோச்சனா பாயைத் தூக்கிப் பாத்தது அந்த வாரம்தான். அது கத்தல. கத்தியிருந்தா பரவால்ல. அதுவும் சலோமியும் சேர்ந்து ஜெயவேலு கட்டிலைத் தூக்கி, வேலிக்கு மேல இந்தப் பக்கம் போட்டாங்க. சலோமிக்கு மாவுக்கட்டுப் பிரிச்ச கையி, பலமே இருக்காதுன்னு டாக்டரு சொன்னாரு. எங்க இருந்து வந்துச்சோ பலம். அப்பறம் சுலோச்சனா தம்பி வந்து அந்தப் பக்கக் குழியை மூடி, தரை போட்டு, சிவப்பு சிமெண்டு பூசிட்டான். கக்கூஸ் கதவுக்கு உள்பக்கமும் பூட்டு, வெளிப்பக்கமும் பூட்டு. ரெண்டு சாவி, ரெண்டு பேரு கழுத்துலயும். நானும் ஜெயவேலும் இப்ப ரயில் ரோட்டுப் பக்கம் போறோம். ஜல்லி ரொம்ப மோசம் டீச்சரம்மா. வயசானவங்க நடக்கற எடமா அது? உங்களை மாதிரி கவர்மெண்டு ஆளுங்க எழுதிப் போடணும்.

மத்தபடி சௌகரியம்தான். கூட்டு வேலைன்னா ஆளுங்க ஒரே எடத்துல இருக்கறது நல்லது. காலைல அவன், மத்தியானம் நானு. மதியச் சோறு வேலிக்கு மேல வரும். ரெண்டு தட்டு, மூடி போட்டு. ஒரு நாள் கூட நின்னதில்ல. ஆனா யாரு வெச்சதுன்னு பாக்க முடியாது, வெச்சிட்டுப் போயிடுவாங்க. குழம்பை வெச்சிக் கண்டுபுடிப்பேன். புளி தூக்கலா இருந்தா சலோமி.

வடக்கால பதினோரு அடி போயிருக்கோம். ஒண்ணுமில்ல. தெக்கால பாக்கணும். தெக்கால போனா தண்ணிக் கொழாய். பாத்துக்கலாம்.

சரி, உங்களுக்கும் நேரமாவுது. எழுதிக்குங்க. பதினாலு: நானு, ஜெயவேலு. பதினஞ்சு: சலோமி, சுலோச்சனா. ரேஷன் கார்டு பழைய மாதிரியே இருக்கட்டும், இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். ரீஃப்பு கெடைச்சிட்டா அவளே வந்துடுவா.

கொஞ்சம் இருங்க. என் பேரு மேல இன்னா கோடு?

சும்மா கோடா? இத்தனை பேருல எனக்கு மட்டும் சும்மா கோடா? பக்கத்துல இன்னா எழுதியிருக்குது, கன்னடத்துலயா? படிங்க. பரவால்ல, படிங்க.

செத்துட்டேனா!

யாரு சொன்னது? சலோமியா? பதினஞ்சுல கேட்டப்பவா? நான் செத்துட்டேன்னா சொன்னா? அப்படிச் சொல்லலன்னா இன்னா சொன்னா, வார்த்தை மாத்தாம சொல்லுங்க.

'அவரு மண்ணுக்குள்ள போயி ரெண்டு வருஷமாவுது.'

அவ்ளோதானா? வேற ஒண்ணும் சொல்லலையா?

இத்த வெச்சி நீங்களா செத்துட்டேன்னு எழுதிகினீங்களா! உங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, நீங்க கோலார் பக்கம். இங்க மண்ணுக்குள்ள போறதுன்னா வேலைக்குப் போறது. அவ பொய் சொல்ற பொம்பளை இல்ல டீச்சரம்மா, முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு பொய் சொன்னதில்ல. நான் எறங்கினது போன வருஷத்துக்கு முன் வருஷம் மார்ச்சு கடைசி. வர்ற வாரம் வந்தா ரெண்டு வருஷம். சரியாச் சொல்லியிருக்கா பாருங்க! நான் எனக்கே தேதி மறந்து போச்சேன்னு இருந்தேன். அவ பாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கா, நம்மளைப் பத்தி நெனைப்பே இல்லன்னு ஜெயவேலுகிட்ட கூட சொல்லிகினு இருந்தேன். எண்ணிகினு இருந்திருக்கா.

சொல்றப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சி? அழுதாளா?

வெங்காயம் உரிச்சிகினு இருந்தாளா. அப்ப சரியாத் தெரிஞ்சிருக்காது.

வேணாம், இப்ப அழிக்காதீங்க. அவசரத்துல அழிச்சா பேப்பர் கிழிஞ்சுடும். நாளைக்கு இந்தப் பக்கம் வந்தா பாத்துக்கலாம். அந்த ஹெல்மெட்டை எடுத்துக் குடுங்க, உங்க பக்கத்துலதான். மணி ரெண்டு. நான் கீழ போகணும்.